முதற்குரவைக்கு நாலு கட்டுப்பல்

எழுதுவது என் பேத்தி. வாய் என்னுடையது. அந்த வாயில், மேல்வரிசையில் முன்னுக்கு இருக்கிற நாலு பல் மட்டும் தானாக முளைத்தவை இல்லை, பட்டணத்தில் செய்து போட்டவை. இதை நான் ஒளிப்பதே இல்லை. கலியாண வீட்டில் பக்கத்தில் இருக்கிறவள் முகம் தெரியாதவளாக இருந்தாலும், பலகாரத்தைக் கடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவேன். சிலர் முகத்தைத் திருப்புவார்கள். அநேகம் பேர் இன்னும் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள்: செய்கிற நேரம் நோகுமா, நண்டு கடிக்கலாமா, நித்திரையில் தொண்டைக்குள் போகாதா? அந்தக் கேள்விகள் எல்லாம் எனக்கு நல்ல பாடம். எங்கள் ஊரில் முதன்முதலாகப் போய் அவற்றைக் கேட்டு வந்தவளே நான்தான்.

எனக்கு எழுத்து வாசனை இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது, சண்டைக்கு இடம்பெயர்ந்து போய் அங்கே சமைத்துப் படுத்திருந்த மாதங்களில் மட்டும்தான். ஆனால் ஒரு காரியத்தில் என்னை மிஞ்ச, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் ஆள் இல்லை. அது குரவை போடுவது. நாக்கை வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து, மூச்சை விடாமல் குரலை மேலே தூக்க வேண்டும். எல்லாப் பெண்களும் போடுவார்கள். ஆனால் ஒருத்தி போட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். நான் போட்டால் கேட்கும். கேட்டதென்று அந்தக் கரையில் வலை வீசுகிறவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அது வெறும் குரல் பெருமை இல்லை. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். என் தாயின் குடி எனக்கு, என் குடி என் மகளுக்கு. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வோர் உரிமை உண்டு. வைகாசிச் சடங்கில் அம்மனுக்குக் கலியாணம் செய்ய ஒரு மரக்காலை வெட்டி, பட்டுச் சுற்றி, மேளத்தோடு கொண்டு வந்து நடுவார்கள். அதைக் கலியாணக்கால் என்போம். அந்தக் கால் கோயில் வாசலைத் தொடுகிற நேரம் முதற்குரவை போடுவது எங்கள் குடிப் பெண்களின் உரிமை. என் தாய் போட்டா. அவவுக்குப் பிறகு நான். முதற்குரவை எழும்பாமல் வேறொருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

இனிப் பல் போன கதை. அதில் வீரம் ஒன்றும் இல்லை. சண்டை நேரம் குண்டு போடுகிற ஹெலி வந்தது, எல்லாரும் பதுங்குகிற பங்கருக்கு ஓடினோம். பங்கர் வாசலுக்குக் குறுக்கே போட்டிருந்த தென்னங்குற்றி என் வாயோடு மோதியது. ஹெலி ஒரு வட்டம் அடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் வெளியே வந்து ஆட்களை எண்ணிப் பார்த்து, "ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல" என்றார். நான் மண்ணுக்குள் பல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றியை அவ்வளவு பதித்துப் போட்டவரும் அவர்தான். இதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

சில வருடம் இடம்பெயர்வும் ஓட்டமுமாகப் போனதால் சடங்கு ஒழுங்காக நடக்கவில்லை. பல் இல்லாதது எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சோற்றைக் குழைத்தால் உள்ளே போகும், ஏசினால் சொல் வெளியே வரும், அவ்வளவு போதும் என்றிருந்தேன். பிறகு ஊரில் எல்லாரும் திரும்பி வந்து குந்திய வருடம், இந்த வைகாசிக்குச் சடங்கை முறையாக வைப்பதென்று கோயிலில் கூடி முடிவெடுத்தார்கள். அன்று பின்னேரம் நான் வட்டைக்குப் போய், வயல் வரம்பில் நின்று ஒரு குரவை போட்டுப் பார்த்தேன்.

காற்றுத்தான் வந்தது. நாக்கு அடிக்கிறது, முன்னுக்கு இருக்கிற ஓட்டையால் எல்லாம் கழன்று போகிறது. மேய்ந்துகொண்டு நின்ற எருமை தலையைக்கூடத் தூக்கவில்லை.

தலையைத் தூக்கியது எனக்குப் பின்னால் புல் அறுத்துக்கொண்டு நின்ற என் மச்சாள். என் வீட்டுக்காரரின் அக்கா. அவவின் குடி வேறு, இரண்டாவது குரவை அவர்களுக்கு.

"என்ன மச்சாள், சைக்கிளுக்குக் காத்துப் போகுதா?"

"கன நாளாப் போடல்ல. நாக்கு விறைச்சிப் போச்சு."

"நாக்கில்லகா, வேலி புடுங்குப்பட்டுப் போச்சு. இந்த முறை முதற்குரவைய எங்களுக்கு உடுங்க. நீங்க பக்கத்தில நிண்டு கையத் தட்டுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை. ஒரு முறை விட்டால் அடுத்த முறை கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் மகளுக்கு நான் காணி கொடுக்கலாம், வீடு கொடுக்கலாம். கைவிட்ட உரிமையை எப்படிக் கொடுப்பது? வீட்டுக்கு வந்து, "நான் பட்டணத்துக்குப் போய்ப் பல்லுக் கட்டப் போறன்" என்றேன். வீட்டுக்காரர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வயசில வடிவாகி எங்க போகப் போறாய்?"

"கோயிலுக்கு."

அவர் பாக்கை என் பக்கம் தள்ளினார்.

அந்த நாட்களில் ஆறு கடந்து பட்டணம் போவதென்றால் சும்மாவா? அதனால் போகிற ஒருத்தியிடம் ஊரே வேலை சொல்லிவிடும். எனக்குக் கேள்விகளாகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வளவில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உள்ள குமர்ப்பிள்ளை ஒருத்தி இருந்தாள். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வேலியோடு நின்று, "மாமி, இந்த இடவெளிய ஆருக்கும் தெரியாம அடைக்க ஏலுமா எண்டு கேளுங்க" என்றாள். அவளின் தாய், உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பல் வெளுக்குமா என்று கேட்கச் சொன்னாள். என் வீட்டுக்காரர் நண்டைப் பற்றிக் கேட்கச் சொன்னார். பல் எனக்கு, நண்டுக் கவலை அவருக்கு. மச்சாள் படலையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னா:

"செத்த ஆக்கள்ற பல்லைப் புடுங்கித்தானாம் வைக்கிற. அதையும் கேட்டுட்டு வாங்க. சாவுத் துடக்கோட கோயில் வாசலுக்கு வந்திராதீங்க."

மண்முனைத்துறையில் பாதை ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவையை. அந்தக் கரையில் இராணுவச் சாவடி, ஆமி நிற்கும். அடையாள அட்டையை நீட்டினேன். வாசலில் நின்ற ஆமிக்காரர் அரைத் தமிழில், "எங்க போறது?" என்றார். நான் வாயை ஆவென்று திறந்து காட்டினேன். அவர் ஒரு அடி பின்னுக்குப் போய், பிறகு சிரித்துவிட்டார். சிரித்த நேரம் பார்த்தேன், அவருக்கும் பக்கப்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. "அம்மா, செய்றது நோவு இரிக்கா?" என்று கேட்டார். "போய் வந்து சொல்றன் மனே" என்றேன்.

பட்டணத்தில் பல் டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் பக்கத்துக்குப் புதிது. இருக்கை ஒன்றில் சாய வைத்தா. இப்படிச் சாய்ந்து நான் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. பிள்ளைப்பேற்றுக்குக்கூடக் கயிற்றைப் பிடித்துக் குந்தித்தான் இருந்தேன்.

"சொல்லுங்கோ அம்மா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை பிறகு சொல்றன் புள்ள. முதல்ல ஊராக்கள் கேட்டு உட்டதக் கேட்டு முடிக்கிறன். அயத்துப் போயிரும்."

அந்தப் பிள்ளை கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நல்லாக இருந்து கேட்டா. அதற்காகவே அவவை நான் மறக்க மாட்டேன். செத்தவர்களின் பல்லா என்றதற்கு, "இல்லை அம்மா, அது ஒரு மாவும் ஒரு தண்ணியும் குழைச்சு இறுக்கிறது. பிளாஸ்டிக் மாதிரி" என்று ஒரு பல்லை என் உள்ளங்கையில் வைத்தா. முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. உமிக்கரிக்குத் தலையை ஆட்டினா: வெளுக்காது, பல்லின் மேல்தோல்தான் தேயும், பிறகு தண்ணீர் குடித்தாலே கூசும். இடைவெளியைப் பல்லின் நிறத்திலேயே ஒரு பசை வைத்து அடைக்கலாம், பார்க்கிறவருக்குத் தெரியாது என்றா. சொல்லிவிட்டுக் கேட்டா: "அது அந்தப் பிள்ளைக்கு விருப்பமோ, மாப்பிள்ளை வீட்டுக்கு விருப்பமோ?" நான் ஊருக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். குமர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "எனக்கு இது ஒரு இடைஞ்சலும் இல்ல மாமி" என்றாள். அந்த இடைவெளியோடுதான் கலியாணம் முடித்தாள். அவள் சிரித்தால் இப்போதும் வடிவு.

நண்டுக்கு, "சதையை எடுத்துச் சாப்பிடுங்கோ, கோதைக் கடியாதேங்கோ" என்றா. வெற்றிலைக்கு, விட்டால் நல்லது என்றா. அதை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு என் கேள்வி.

"புள்ள, இந்தப் பல்லோட குரவை போட ஏலுமா?"

எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொன்ன பிள்ளை இதற்கு என்னையே திருப்பிக் கேட்டா. "குரவை எண்டால்?" என்றா. சொன்னேன். நாக்கை எப்படி அடிப்பது என்று காட்டினேன். காற்று அவவின் முகத்தில்தான் போய் அடித்தது. "எனக்குத் தெரியேல்லை அம்மா" என்றா. "ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்கேல்லை. செய்து பார்ப்பம்."

ஒரு தட்டில் மாவு மாதிரிக் குழைத்து மேல்வாயில் வைத்து அழுத்தினா. மசக்கைக்காரி மாதிரி ஓங்காளித்தேன். அதோடு சரி, நோவு இல்லை. பிறகு நிறம். சீலைக்கடையில் துண்டு காட்டுகிற மாதிரி, ஒரு கம்பியில் விதவிதமான பற்களைக் கோத்து வைத்திருந்தா. நான் ஆக வெள்ளையைத் தொட்டேன். தேங்காய்ச் சொட்டு மாதிரி இருந்தது. அவ என்னுடைய சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வேறொன்றைப் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினா. மங்கல் நிறம், ஓரத்தில் லேசாகப் பழுப்பு. "இதுதான் உங்கடை வாய்க்குப் பொருந்தும். வெள்ளை வைச்சால் நாலு பேர் தனிய வந்து நிக்கிற மாதிரி இருக்கும்." எனக்கு மனம் இல்லை. இவ்வளவு தூரம் வந்து மங்கலாவது? ஆனால் கண்ணாடி பொய் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது தட்டு வந்திருந்தது. அண்ணத்தில் ஒட்டுகிற இளஞ்சிவப்புத் தட்டு, அதில் நாலு பல், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. வாயில் போட்டதும் யாரோ ஒரு ஆள் உள்ளே வந்து குடியிருக்கிற மாதிரி இருந்தது. நான் மற்றவர்கள் மாதிரி கண்ணாடி கேட்கவில்லை. எழும்பி நின்று, மூச்சை இழுத்து, ஒரு குரவை போட்டேன்.

பல் பறந்து போய் டொக்டரின் மடியில் விழுந்தது.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி, "என்ன கா, பல்லுப் புடுங்கக்க அந்தக் கத்துக் கத்துறா!" என்று வந்த வழியே திரும்பிவிட்டாள். டொக்டர் பிள்ளை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பிறகு தட்டை எடுத்து, கொக்கியை இறுக்கி, பின்பக்க ஓரத்தை மெசினில் உரஞ்சினா. "நாக்குக்கு இடம் காணாது போலை. இப்ப போடுங்கோ." போட்டேன். ஆடியது. மறுபடி உரஞ்சினா. "இன்னொருக்கா." இந்தமுறை நின்றது. முழுக் குரவையும் நின்றது! சுவரில் பட்டு என் காதுக்கே திரும்பி வந்தது. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் பழக்கத்தில் தானும் சேர்ந்து போட்டுவிட்டாள்.

"வீட்டிலை பழகுங்கோ. பேப்பரைச் சத்தமாய் வாசிச்சால் நாக்கு கெதியாப் பழகும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே, புள்ள. ஏசத் தெரியும்."

"அப்ப ஏசுங்கோ."

டொக்டர் சொன்ன மருந்து. காலையும் மாலையும் வீட்டுக்காரரை வைத்துப் பழகினேன். அவர் பாவம், முதல் நாள் ஏன் ஏச்சு என்று கேட்டார், பிறகு எழுத்து எழுத்தாகத் திருத்தத் தொடங்கிவிட்டார். "அந்த 'ச' சரியா விழல்ல, இன்னொருக்கா ஏசு."

உடைந்த பல் ஆமிக்காரரை நான் பிறகு காணவில்லை. அவரிடம் நோகாது என்று சொல்லக் கிடைக்காதது ஒன்றுதான் குறை.

ஊரில் என் பல்லைப் பார்க்க வந்தார்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி. கழற்றிக் காட்டினேன், போட்டுக் காட்டினேன். மச்சாள் தள்ளி நின்று பார்த்தா. "டொக்டர் மாவு எண்டுதான் சொல்லுவா. எலும்பு எண்டு சொன்னா ஆர் வாங்குவா?" என்றா. இந்தக் கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. சடங்கு தொடங்கியதும் எங்கள் கட்டாடியார், அம்மனுக்குப் பூசை செய்கிறவர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மாவுதான் என்று தலையில் அடித்துச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "சந்தேகம் எண்டு ஒண்டு வந்தா அத வைச்சிரிக்கக் கூடா. கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிச்சிப் போடு. எல்லாம் சுத்தம்" என்றார்.

கொஞ்சம் என்றார். தெளி என்றார். எனக்கு அது போதுமா? முதற்குரவைக் காரியம் அல்லவா. டொக்டர் இரவில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தா. இரண்டு பேரின் சொல்லையும் ஒன்றாக்கினேன். பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்து, சிரட்டையில் தண்ணீர் விட்டு, வேப்பிலையும் கிள்ளிப் போட்டு, கலியாணக்காலுக்கு முதல் நாள் இரவு பல்லை அதற்குள் விட்டு மூடி வைத்துப் படுத்தேன்.

விடியப் பார்த்தால், மங்கல் நிறமும் இல்லை, வெள்ளையும் இல்லை. நாலு பல்லும் மஞ்சள். அதுவும் லேசான மஞ்சளா? முரசுக்கு, அதுதான் ஈறுக்கு, வைத்திருந்த இளஞ்சிவப்புக்கூடப் பூவரசம்பூ மாதிரி ஆகிவிட்டது. தேங்காய்த் தும்பால் தேய்த்தேன், சாம்பலால் தேய்த்தேன், டொக்டர் வேண்டாம் என்ற உமிக்கரியாலும் தேய்த்தேன். மஞ்சள் அசையவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பலாச்சுளை மாதிரிக் கிடக்கு."

"சிரிச்சீங்க எண்டா இண்டைக்குச் சோறில்ல."

"சிரிக்கல்ல. போட்டுப் பாரு."

போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அவ்வளவுக்கு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. பல் இல்லாமல் போனால் காற்று. பல்லோடு போனால் பகிடி. குரவை போடாமல் நின்றால் மச்சாளின் குடி போட்டுவிடும். கிணற்றடியில் இருந்து யோசித்தேன். பிறகு எனக்கே கோபம் வந்தது. நான் பல்லுக் கட்டியது எதற்கு, ஆட்கள் பார்க்கவா, கேட்கவா? எழும்பி முழுகி, சடங்குச் சீலையைக் கட்டினேன்.

பின்னேரம் மேளம் கேட்டது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசலில் முன்னுக்கு நின்றேன். பக்கத்தில் மச்சாள், நாக்கை நனைத்துக்கொண்டு. "இயலாட்டிக் கண்ணக் காட்டுங்க மச்சாள், நான் எடுக்கிறன்" என்று காதுக்குள் சொன்னா. பதில் சொன்னால் பல் தெரியும், அதனால் சொல்லவில்லை. பட்டுச் சுற்றிய கால் வளைவு திரும்பி வந்தது. வேப்பிலை, சாம்பிராணிப் புகை, ஆட்களின் நெரிசல். காலின் அடி வாசல் மண்ணைத் தொட்டது. நான் வாயைத் திறந்தேன்.

எழும்பியது! என் தாயின் குரவை எழும்புகிற மாதிரி எழும்பியது. தட்டு அண்ணத்தில் பிடித்த பிடி விடவில்லை. மேளக்காரர் ஒரு அடி தவறவிட்டார். மூச்சு முடியும்வரை இழுத்து இறக்கிய பிறகுதான் மற்றப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட்டார்கள், மச்சாளும்தான், அவவின் முறைப்படி இரண்டாவதாக.

போட்டு முடித்து என் பக்கம் திரும்பியவ என் வாயைக் கண்டுவிட்டா.

"அடியே! பல்லுக்கும் மஞ்சக்காப்பா?"

எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். எனக்கு இனி என்ன பயம்? வாயை நல்லாக விரித்துச் சிரித்துக் காட்டினேன்.

"விடிய விடிய மஞ்சத்தண்ணிக்குள்ள கிடந்த பல்லு. இதில துடக்கு எங்க இரிக்கு எண்டு காட்டுங்க பாப்பம்!"

கட்டாடியார் திரும்பிப் பார்த்தார். "இந்த வாசலில நிக்கிற பல்லுக்குள்ள அதுதான் சுத்தமான பல்லு" என்றார். மச்சாள் வாயைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டா. சிரிப்பா, வேறு என்னவா என்று நான் கேட்கவில்லை. வென்றவள் கேட்கக் கூடாது.

ஆட்கள் கலைந்து உள்ளே போகிற நேரம்தான், என் வீட்டுக்காரர் எனக்கு அருகிலேயே நிற்பதைக் கண்டேன். ஆண்கள் எல்லாம் கலியாணக்கால் தூக்குகிற இடத்தில் நிற்க, இவர் பெண்களுக்குள் நின்றார். தோளில் கிடக்க வேண்டிய சால்வையை இரண்டு கையாலும் முன்னுக்கு விரித்துப் பிடித்திருந்தார்.

"இதென்ன கோலம்?"

"டொக்டர்ற மடியில உழுந்தது எண்டு சொன்னாய். இஞ்ச மண்ணில உழுந்தா?"

நான் அவரின் காதுக்குப் பக்கத்தில் போய், சால்வையை மடித்து அவர் தோளில் போட்டுவிட்டு, இன்னொரு குரவை போட்டேன். அது ஒரு முறையிலும் இல்லாத குரவை. கோயிலுக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள்.